மூட்டை தூக்கும் மின்வண்டி: வாங்குமுன் அளந்து பாருங்கள்

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் ஒலிபரப்பான உரை)



விதை, உரம், பூச்சிமருந்து பற்றியெல்லாம் இந்த நேரத்தில் நிறையக் கேட்டிருப்பீர்கள். இன்றைக்கு நான் சொல்லப்போவது அறுவடை முடிந்து, மூட்டை கட்டி, கிடங்குக்கு வந்த பிறகு உள்ள சங்கதி. 2020ஆம் ஆண்டில் மத்திய அரசு 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளை உருவாக்கும் திட்டத்தைத் தொடங்கியது. அதற்கு முன்னும் பின்னுமாகப் பல ஊர்களில் குழுக்கள் ஏற்பட்டு, சொந்தமாகக் கிடங்கும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கிடங்கு வந்ததும் அடுத்த கேள்வி: "மூட்டை தூக்க ஆள் கிடைக்கலையே, ஒரு ஃபோர்க்லிஃப்ட் வாங்கலாமா? டீசலா, கரண்டா? எத்தனை டன்?"

நான் பெரம்பலூர்ப் பக்கம் இப்படி ஒரு குழுவின் மக்காச்சோளக் கிடங்கைப் பல வருஷம் பார்த்துக்கொண்டவன். வண்டி வாங்கி மாட்டிக்கொண்ட அனுபவமும் உண்டு, பிறகு சரிசெய்துகொண்ட அனுபவமும் உண்டு. அதை வைத்தே பேசுகிறேன்.

முதலில் மூட்டைக் கணக்கைப் பாருங்கள். 10 டன் லாரி என்றால் 50 கிலோ மூட்டை 200. அறுவடைக் காலத்தில் ஒரு நாளைக்கு 5 லாரி வந்தால் 1,000 மூட்டை. 8 பேர் இறக்கினால் ஆளுக்கு 125 மூட்டை. அதாவது ஒரு மனிதன் தலையிலும் முதுகிலுமாக ஒரே நாளில் 6,250 கிலோ சுமக்கிறான். சும்மா சமதரையில் இல்லை. பலகை போட்டு அட்டி மேலே ஏறி அடுக்குகிறான். 1967இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, ஒரு ஆண் தொழிலாளி தனியாகத் தூக்கும் சுமையின் உச்ச அளவு 55 கிலோவுக்கு மேல் இருந்தால் அதைச் சீக்கிரம் குறைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. நம் மூட்டை 50 கிலோ. கணக்குக்குச் சரிதான். ஆனால் 125 தடவை ஏறி இறங்குவதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? எங்கள் கிடங்கில் மூட்டை சுமந்த ஒரு அண்ணன் 12ஆவது அடுக்கில் கால் வழுக்கி விழுந்து, அதற்குப் பிறகு மூட்டை தூக்கவே முடியாமல் போனார். அன்றைக்குத்தான் குழுக் கூட்டத்தில் வண்டிப் பேச்சு எழுந்தது.

டீசல் வண்டி மூடிய கிடங்குக்கு ஆகாது. புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. சாப்பிடுகிற தானியத்தின் மேல் கரி படியும், வாடை ஏறும். வெளிமுற்றத்தில் மட்டும் ஓடுவதானால் வேறு விஷயம். கிடங்குக்குள்ளே வேலை என்றால் மின்சார வண்டிதான். இதில் நான் இரண்டாவது யோசனை சொல்ல மாட்டேன். ஆனால் எந்த மின்சார வண்டி என்பதில்தான் பணம் போகிற வழி இருக்கிறது.

கடைக்காரரிடம் போகுமுன் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு கிடங்குக்குப் போங்கள். நாங்கள் அதைச் செய்யவில்லை. படத்தைப் பார்த்தோம், 2 டன் என்று எழுதியிருந்தது, "பெரிசா இருந்தா நல்லதுதானே" என்று முன்பணம் கட்டிவிட்டோம். வண்டி வந்து இறங்கியது, மாலை போட்டோம், தேங்காய் உடைத்தோம். உள்ளே ஓட்டினால், தூக்குகிற சட்டம், அதாவது மாஸ்ட், முழுக்க இறக்கிய நிலையிலேயே 7 அடி 2 அங்குலம். எங்கள் ஷட்டர் வாசல் 7 அடி! தேங்காய் உடைத்த இடத்திலேயே வண்டி நின்றது. கொத்தனாரை வைத்து வாசலுக்கு மேல் இடித்து, லிண்டல் மாற்றி, ஷட்டரை உயர்த்திக் கட்டியது தனிச் செலவு. ஆகவே வாசல் உயரத்தை அளங்கள். மாஸ்ட் இறங்கிய உயரம், ஓட்டுநர் தலைக்கு மேலே உள்ள கம்பிக்கூரையின் உயரம் இரண்டையும் கேளுங்கள். இரண்டில் எது அதிகமோ அதுதான் வாசலில் நுழைய வேண்டும்.

அடுத்து, டன் கணக்கு. இதில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். கிணற்றில் ஏற்றம் இறைத்த காலத்துப் பெரியவர்களுக்கு இது உடனே புரியும். ஏற்றமரத்தின் பின்பக்கம் கல்லைக் கட்டுவோம். முன்பக்கம் சால் எவ்வளவு தள்ளித் தொங்குகிறதோ அந்த அளவுக்குப் பின்பாரம் வேண்டும். ஃபோர்க்லிஃப்டும் அதே ஏற்றம்தான். முன்சக்கரம்தான் தாங்குகிற கால். முன்னே இரண்டு இரும்புக் கரங்களின் மேல் சுமை. பின்னே வார்ப்பிரும்பும் பேட்டரியும் எதிர்ப்பாரம்.

1.5 டன் வண்டி என்று தகட்டில் அடித்திருந்தால், கரங்களின் அடிப்பக்கத்திலிருந்து 50 செ.மீ. தள்ளிச் சுமையின் நடுமையம் இருக்கும்போது 1,500 கிலோ தூக்கும் என்று அர்த்தம். முன்சக்கர அச்சிலிருந்து கரத்தின் அடி வரை 40 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 40உம் 50உம் சேர்த்து 90. 1,500 தடவை 90. இதே வண்டியில் சுமையின் மையம் 60 செ.மீ. தள்ளிப் போனால் நீளம் 100 ஆகிறது. அப்போது தாங்குவது 1,350 கிலோதான். 70 செ.மீ. என்றால் 1,225 கிலோ அளவுக்கு இறங்கிவிடும். உயரே தூக்கத் தூக்க இன்னும் குறையும். எந்த உயரத்தில் எவ்வளவு என்பது வண்டியில் ஒட்டியிருக்கும் தகட்டில் இருக்கும். படத்தில் போட்டிருக்கிற எண்ணை விடுங்கள், அந்தத் தகட்டைப் படியுங்கள்.

இது நமக்கு எங்கே வந்து இடிக்கிறது? மூட்டையை நேரே கரத்தில் வைக்க முடியாது. பேலட் என்கிற மரத்தட்டில் அடுக்கித்தான் தூக்க வேண்டும். வழக்கமான பேலட் 120 செ.மீ. நீளம், 100 செ.மீ. அகலம். அகலவாக்கில் கரம் நுழைந்தால் மையம் 50 செ.மீ. நீளவாக்கில் நுழைந்தால் 60. போதாக்குறைக்கு நம் சாக்கு தட்டுக்கு வெளியே பிதுங்கும். ஆக ஒரே தட்டு, ஒரே 20 மூட்டை, திருப்பி எடுத்தால் வண்டிக்குச் சுமை வேறு. 20 மூட்டை 1,000 கிலோ, தட்டு ஒரு 30 கிலோ. இதற்கு 1.5 டன் வண்டி போதும். 1 டன் வண்டி போதாது. நாங்கள் வாங்கிய 2 டன் தேவையும் இல்லை.

பெரிய வண்டி வாங்கினால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்பீர்கள். தரை கெட்டுப்போகும். 1.5 டன் மின்வண்டியின் சொந்த எடையே சுமார் 3 டன். ஒரு டன் சுமையோடு 4 டன். சுமை தூக்கியிருக்கும்போது அதில் பெரும்பங்கு முன்சக்கரம் இரண்டின் மேலேயே உட்காரும். மூட்டை அடுக்குவதற்கென்று மெல்லிசாகக் கான்கிரீட் போட்ட தரை அதைத் தாங்காது. எங்கள் கிடங்கில் இரண்டாவது மாதமே வாசலருகே பாளம் பாளமாக வெடிப்பு விட்டது. கிடங்கு இனிமேல்தான் கட்டப் போகிறீர்கள் என்றால் பொறியாளரிடம் "உள்ளே வண்டி ஓடும்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பிறகு வழி. மூட்டை அட்டிகளுக்கு நடுவே வண்டி திரும்ப எவ்வளவு இடம் வேண்டும்? உட்கார்ந்து ஓட்டுகிற எதிர்ப்பார வண்டிக்குச் சுமார் 3.5 மீட்டர். பின்னே ஒற்றைச் சக்கரம் உள்ள மூன்று சக்கர வண்டி என்றால் கொஞ்சம் குறையும். இன்னொரு வகை, ஸ்டாக்கர் என்பார்கள். ஆள் பின்னால் நடந்துகொண்டோ சின்னப் படியில் நின்றுகொண்டோ ஓட்டுவது. அதற்கு 2.5 மீட்டர் போதும். விலையும் குறைவு, எடையும் குறைவு.

ஒரு மீட்டர்தானே என்று நினைக்க வேண்டாம். எங்கள் கிடங்கு 30 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம். நடுவில் ஒரு வழி. வழியில் ஒரு மீட்டர் மிச்சமானால் 30 சதுர மீட்டர் மிச்சம். ஒரு பேலட்டுக்கு 1.2 சதுர மீட்டர். 25 பேலட் கூடுதலாக வைக்கலாம். ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு தட்டு என்றால் 50 பேலட், அதாவது 50 டன். தூண், சுவரோர இடைவெளி என்று கழித்தாலும் 40 டன் சரக்கு கூட நிற்கும்.

அப்படியென்றால் எல்லோரும் ஸ்டாக்கரே வாங்கலாமே என்றால், முடியாது. அதன் சக்கரம் சின்னது, கெட்டியானது. வழவழப்பான தரையில்தான் ஓடும். முற்றத்து மண்ணிலும் சரளையிலும் சிக்கிக்கொள்ளும். அதற்கு எதிர்ப்பாரம் கிடையாது. அதற்குப் பதில் முன்னே நீட்டிய கால்கள் தரையோடு போய்ப் பேலட்டுக்கு அடியில் நுழையும். அதனால் அடியில் குறுக்குப் பலகை அடித்த பேலட்டை அது எடுக்காது. லாரியின் பக்கவாட்டில் நின்று சரக்கை ஏற்றவும் இறக்கவும் அது தோதுப்படாது. உங்கள் கிடங்கில் லாரித் தட்டு மட்டத்துக்கு மேடை இருந்து, வேலை முழுக்க உள்ளே என்றால் ஸ்டாக்கர். லாரி முற்றத்தில் நிற்கும், வெளியே போய் எடுத்து வர வேண்டும் என்றால் கெட்டி ரப்பர் டயர் போட்ட எதிர்ப்பார வண்டி. முற்றத்திலும் கான்கிரீட் வேண்டும், சரிவு குறைவாக இருக்க வேண்டும். சரிவில் சுமையோடு ஏறும்போது சுமை மேட்டுப் பக்கம் பார்த்திருக்க வேண்டும். இறங்கும்போது பின்னோக்கித்தான் இறங்க வேண்டும். மாற்றிச் செய்தால் வண்டி குப்புற விழும்.

எத்தனை உயரம் தூக்க வேண்டும்? 20 மூட்டை அடுக்கிய பேலட் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரம் வரும். இரண்டின் மேல் மூன்றாவதை வைக்க 3 மீட்டர் தூக்கினால் போதும். அதுவும் சாக்கு சமமாகப் படிந்திருந்தால்தான் மூன்றாவது தட்டு. 4.5 மீட்டர், 6 மீட்டர் என்று விற்பவர் ஆசை காட்டுவார். இரும்புத் தட்டடுக்கு வைத்திருப்பவர்களுக்குத்தான் அந்த உயரம் வேண்டும். நமக்கு அது வீண் விலை, வீண் ஆட்டம்.

இன்னொரு செலவை யாரும் கேட்பதே இல்லை. பேலட்! 500 டன் சரக்கு என்றால் 10,000 மூட்டை. பேலட்டுக்கு 20 வீதம் 500 பேலட். வண்டி விலையை மட்டும் தீர்மானத்தில் எழுதிவிட்டு, 500 மரத்தட்டுக்குப் பணம் எங்கே என்று பிறகு விழிக்கக் கூடாது.

இனி பேட்டரிக்கு வருவோம். இதுதான் மின்வண்டியின் உயிர். நம்மைப் போல அறுவடைக்கு அறுவடை வேலை பார்க்கிற கிடங்குகளுக்கு இதில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இரண்டு வகை. ஒன்று ஈய அமில பேட்டரி, நம் டிராக்டரில் இருப்பதன் பெரிய அண்ணன். மற்றது லித்தியம். ஈய பேட்டரியில் 48 வோல்ட், 400 ஆம்பியர்-மணி என்று போட்டிருந்தால் இரண்டையும் பெருக்குங்கள்: 19,200. அதாவது 19.2 யூனிட் மின்சாரம் பிடிக்கும். ஆனால் 80 சதவீதத்துக்கு மேல் காலி செய்யக் கூடாது. ஆகக் கையில் வருவது 15 யூனிட்தான். காலி செய்ததைத் திரும்ப நிரப்ப, சேதாரம் சேர்த்து, மீட்டரில் சுமார் 20 யூனிட் ஓடும். ஏற்ற 8 மணி நேரம், சூடு ஆற இன்னும் சில மணி. ஒரு ஷிப்டு வேலைக்கு இது தாராளம். பகலில் ஓட்டி இரவில் ஏற்றலாம். நன்றாக வைத்துக்கொண்டால் சுமார் 1,500 தடவை ஏற்றி இறக்கலாம். வருஷத்துக்கு 300 நாள் என்றால் 5 வருஷம்.

நம் கிடங்கில் 300 நாள் எங்கே வேலை? சோளம் வருகிற இரண்டு மூன்று மாதம் பேய் ஓட்டம். பிறகு வண்டி மூலையில். "ஓடாத வண்டிதானே, பேட்டரி பத்து வருஷம் வரும்" என்று எங்கள் பொருளாளர் கணக்குப் போட்டார். நடந்தது வேறு. ஈய பேட்டரி வேலையால் சாவதைவிட, சார்ஜ் இல்லாமல் சும்மா கிடந்து சாவதுதான் அதிகம். உள்ளே தகடுகளில் உப்புப் பூத்துக் கெட்டிப்பட்டுவிடும்; பிறகு எவ்வளவு ஏற்றினாலும் பிடிக்காது. அதற்கு மேல் எங்கள் காவல்காரர் நல்லெண்ணத்தில் போர்த் தண்ணீரை ஊற்றி வைத்திருந்தார். காய்ச்சி வடித்த நீரைத் தவிர வேறெதுவும் அதில் போகக் கூடாது. அதையும் சார்ஜ் ஏறி முடிந்த பிறகுதான் நிரப்ப வேண்டும். அடுத்த பருவத்தில் பேட்டரி காலை 10 மணிக்கே படுத்துவிட்டது. லாரிகள் வாசலில் வரிசையாக நின்றன. லோடுமேன்களை மறுபடி கையெடுத்துக் கும்பிட்டுக் கூப்பிட வேண்டியதாயிற்று.

லித்தியம் பேட்டரிக்குத் தண்ணீர் வேலை இல்லை. டீ குடிக்கிற நேரத்தில் கொஞ்சம், சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம் என்று ஏற்றிக்கொள்ளலாம். ஈய பேட்டரியை அப்படித் துண்டு துண்டாக ஏற்றினால் ஆயுள் குறையும். பாதி சார்ஜில் நிறுத்திவைத்தால் லித்தியம் மாதக்கணக்கில் தாங்கும். விலைதான் கூடுதல். இரண்டு ஷிப்டு ஓடுகிற அரிசி ஆலைக்கு யோசிக்காமல் லித்தியம் என்பேன். நம்மைப் போன்ற பருவக் கிடங்குக்கு என் அபிப்பிராயம் இதுதான்: மாதம் ஒருமுறை முழுச் சார்ஜ் போட்டு, தண்ணீர் பார்த்து, நோட்டில் எழுதிவைக்கப் பொறுப்பான ஒரு ஆள் இருந்தால் ஈய பேட்டரியே போதும். அப்படி ஆள் இல்லை என்று உங்கள் மனசாட்சிக்குத் தெரிந்தால், கூடுதல் விலை கொடுத்து லித்தியமே வாங்கிவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பழைய வண்டி மலிவாகக் கிடைக்கிறது, ஈய பேட்டரியை எடுத்துவிட்டு லித்தியம் போட்டுக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். ஏற்றத்தின் பின்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். ஈய பேட்டரி அரை டன்னுக்கு மேல் எடை. அதுவும் எதிர்ப்பாரத்தில் சேர்ந்தது. லித்தியம் அதைவிட லேசு. குறைந்த எடைக்கு ஈடாக இரும்பு வைக்காவிட்டால், பின்பக்கம் தூக்கிக்கொள்ளும். பழைய வண்டியில் கரங்களின் வளைவுப் பகுதியையும் அளந்து பாருங்கள். கனத்தில் பத்தில் ஒரு பங்கு தேய்ந்திருந்தால் கரத்தை மாற்றியே ஆக வேண்டும். அந்தத் தேய்மானத்துக்கே வலு ஐந்தில் ஒரு பங்கு போய்விடும்.

சார்ஜ் ஏற்றும் இடம் காற்றோட்டமாக இருக்கட்டும். ஈய பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வரும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பொறி பட்டால் வெடிக்கும். பீடி, சிகரெட் பக்கத்திலேயே வரக் கூடாது. பம்புசெட்டுக்குக் கொடுத்த இலவச மின்சாரத்திலிருந்து கம்பி இழுக்கிற வேலையும் வேண்டாம். அது பாசனத்துக்குக் கொடுத்தது.

விற்பவர் யாரும் எங்களுக்குச் சொல்லாத ஒன்று உண்டு. தானியக் கிடங்கில் புழுவுக்கும் வண்டுக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைத்து மூடுகிறோம் அல்லவா? அதிலிருந்து வரும் பாஸ்பீன் வாயு மனிதனுக்கு எமன் என்பது தெரியும். அது செம்பையும் அரிக்கும். மின்வண்டியின் உள்ளே இருப்பதெல்லாம் செம்புக் கம்பியும் மின் இணைப்பும்தான். மாத்திரை வைக்குமுன் வண்டியையும் சார்ஜரையும் வெளியே கொண்டுபோய், மழை படாத கூரையின் கீழ் நிறுத்துங்கள். வாயு முழுக்க வெளியேறிய பிறகே உள்ளே கொண்டுவாருங்கள்.

கடைசியாக ஆட்கள் விஷயம். வண்டி வந்த அன்றைக்கு வயதில் மூத்த லோடுமேன் ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டு, "ஏந் தம்பி, இது வந்துட்டா எங்க பொழப்பு என்னாவும்?" என்று கேட்டார். அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு வேலை நடந்தபோது தெரிந்தது. லாரியில் மூட்டை உதிரியாகத்தான் வருகிறது. அதை எடுத்துப் பேலட்டில் அடுக்க மனிதக் கைதான் வேண்டும். வண்டி செய்வது, சுமந்து நடக்கிற தூரத்தையும் அட்டி மேல் ஏறுகிற ஏற்றத்தையும் இல்லாமல் ஆக்குவது. 8 பேர் வேலைக்கு 5 பேர் போதும் என்று ஆனது உண்மை. அதை மறைக்க மாட்டேன். மீதி 3 பேரில் ஒருவரை ஓட்டுநராகப் பழக்கினோம், இருவர் எடை போடவும் சாக்குத் தைக்கவும் வந்தார்கள். டன்னுக்கு இவ்வளவு என்ற இறக்குகூலியை வண்டி வந்ததற்காகக் குறைக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டோம். கூட்டத்தில் சண்டை நடந்துதான் அது நிறைவேறியது.

ஓட்டுகிறவர் யாரோ ஒரு டிராக்டர் ஓட்டத் தெரிந்த பையனாக இருக்கக் கூடாது. இதில் திரும்புவது பின்சக்கரம். வால் வீசிக்கொண்டு போகும். முறையாகப் பயிற்சி பெற்றவரிடம் மட்டும் சாவி இருக்கட்டும். சுமையைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வைத்தே ஓட்ட வேண்டும், உயர்த்திப் பிடித்துக்கொண்டு திரும்பக் கூடாது. வண்டி சாய்கிறது என்று தெரிந்தால் வெளியே குதிக்கவே கூடாது. குதித்தவர் மேல்தான் அந்தக் கம்பிக்கூரை வந்து விழும். பெல்ட்டோடு இருக்கையிலேயே இருந்து, ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து, சாய்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக உடம்பைச் சாய்த்துக்கொள்ள வேண்டும். இதை ஓட்டுநருக்கு வண்டி நிற்கும்போதே நாலு தடவை செய்துகாட்டச் சொல்லுங்கள்.

எங்கள் கிடங்கில் இப்போது இரவு சார்ஜ் போட்டு, காலையில் எடுத்து, மாதத்தில் ஒரு நாள் தண்ணீர் பார்த்து நோட்டில் எழுதுகிறவர், 12ஆவது அடுக்கிலிருந்து விழுந்தாரே, அந்த அண்ணன்தான்.